இரவில் எழுப்புவது சிறுநீரா, மூச்சா? கம்ப்யூட்டரில் கணக்கு எடுப்போம்

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதில் கடிதம் டைப் செய்கிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள், ரயில் டிக்கெட் எடுக்கிறார்கள். பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிறார்கள். இரவானால் ஷட் டவுன் செய்து துணி போட்டு மூடிவிடுகிறோம். இதே கம்ப்யூட்டரை ஓர் இரவு மட்டும் மூடாமல் வைத்தால், நம் தூக்கத்தில் நமக்கே தெரியாமல் நடப்பதைப் பதிந்து வைத்துக் காட்டும். அதைக் கொண்டு வீட்டில் பலருக்கு உள்ள ஒரு தொல்லையின் காரணத்தைத் தேடலாம். இரவில் இரண்டு, மூன்று முறை ஒன்றுக்குப் போக எழுந்திருக்கிறோமே, அந்தத் தொல்லைதான்.

"வயசாயிடுச்சு, சுகர் இருக்கு, பிராஸ்டேட் இருக்கும்" என்று இதற்கு நாமே காரணம் சொல்லிக் கொள்கிறோம். இவை உண்மையான காரணங்களாக இருக்கலாம். ஆனால் பலரும் நினைத்துப் பார்க்காத இன்னொரு காரணம் உண்டு. அதுதான் குறட்டையுடன் சேர்ந்து வரும் தூக்கத்தில் மூச்சடைப்பு. ஸ்லீப் ஆப்னியா என்று டாக்டர்கள் சொல்வார்கள்.

ஸ்லீப் ஆப்னியா என்றால் என்ன?

நாம் தூங்கும்போது தொண்டைச் சதைகள் தளர்கின்றன. சிலருக்கு அவை மூச்சுப் பாதையையே அடைத்துவிடும். மூச்சு 10 விநாடி அல்லது அதற்கு மேல் நின்றால் அதை ஒரு முறை என்று கணக்கிடுகிறார்கள். மூச்சு முழுவதும் நிற்பதையும், பாதி அடைபடுவதையும் சேர்த்து மணிக்கு எத்தனை முறை என்று எண்ணுவார்கள். 5க்குக் கீழ் என்றால் கவலையில்லை. 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30க்கு மேல் கடுமையானது. 30 என்றால் சராசரியாக இரண்டு நிமிடத்திற்கு ஒரு முறை தொண்டை அடைபடுகிறது என்று பொருள். தூங்குபவருக்கு இது எதுவும் நினைவில் இருக்காது.

இது எங்கோ வெளிநாட்டில் உள்ள நோய் என்று எண்ண வேண்டாம். மும்பையில் 35 முதல் 65 வயது வரையிலான ஆண்களிடம் டாக்டர் ஜரீர் உத்வாடியா குழுவினர் நடத்திய ஆய்வு 2004ல் வெளியானது. பகல் தூக்கமும் சேர்ந்த ஸ்லீப் ஆப்னியா 100க்கு 7 அல்லது 8 பேரிடம் இருந்தது. "டிஸ்கோ டான்சர்" படத்தின் இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரி 15 அன்று தன் 69ஆம் வயதில் மும்பையில் காலமானபோது, ஸ்லீப் ஆப்னியாவே காரணம் என்று மருத்துவமனை அறிவித்தது. இந்தப் பெயரைப் பலர் முதல் முறையாகக் கேட்டது அப்போதுதான்.

தொண்டைக்கும் சிறுநீருக்கும் என்ன தொடர்பு?

குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ராவின் ஒரு முனையை விரலால் அடைத்துக் கொண்டு மறு முனையில் உறிஞ்சிப் பாருங்கள். ஸ்ட்ரா உட்பக்கமாக ஒட்டிக் கொள்ளும். தொண்டை அடைபட்ட நிலையில் மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள்ளும் இப்படி ஓர் இழுப்பு உண்டாகிறது. அந்த இழுப்பில் வழக்கத்தைவிட அதிக ரத்தம் இதயத்திற்கு வந்து சேர்ந்து, இதயத்தின் மேல் அறைகள் விரிந்து கொடுக்கின்றன.

இந்த அறைகள் நம் வீட்டு மேல்நிலைத் தொட்டியில் உள்ள மிதவையைப் போல வேலை செய்கின்றன. அறை விரிந்தால், உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் முடிவு செய்கிறது. உடனே ஒரு ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. உப்பையும் தண்ணீரையும் வெளியேற்று என்று சிறுநீரகத்திற்குச் செல்லும் உத்தரவு அது. இதயத்திலிருந்து இப்படி ஒரு பொருள் சுரக்கிறது என்பதைக் கனடாவில் அடோல்போ டி போல்ட் என்ற விஞ்ஞானி எலிகளிடம் சோதித்து 1981ல் வெளியிட்டார். உண்மையில் உடம்பில் தண்ணீர் அதிகமாகவில்லை. அடைபட்ட தொண்டை மிதவையை ஏமாற்றிவிட்டது. உறங்கும் நேரத்தில் குறைய வேண்டிய சிறுநீர் அதிகமாகச் சுரந்து பையை நிரப்புகிறது.

இன்னொரு வழியிலும் இந்தத் தொல்லை வருகிறது. மூச்சு அடைபட்டதும் மூளை நம்மை எழுப்பிவிடுகிறது. ஸ்டாண்ட்பையில் இருக்கும் கம்ப்யூட்டர் மவுஸ் அசைந்தவுடன் விழித்துக் கொள்வது போல. விழித்த பின் ஏன் விழித்தோம் என்று தெரியாது. பையில் கொஞ்சம் சிறுநீர் இருக்கும். "இதற்காகத்தான் எழுந்தேன்" என்று எண்ணிப் போய் வருகிறோம். 1996ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தூக்கப் பரிசோதனைக்கு வந்த 80 பேரிடம் இதைச் சோதித்தார்கள். சிறுநீருக்காக எழுந்ததாக அவர்கள் சொன்ன விழிப்புகளில் பெரும்பகுதி மூச்சடைப்பு, குறட்டை போன்ற தூக்கக் கோளாறுகளால் வந்தது என்று கருவிகள் காட்டின.

எனவே பிராஸ்டேட்டுக்கு மாத்திரை சாப்பிட்டும் இரவு எழுவது குறையவில்லை என்றால், தொண்டையைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். பெண்களுக்கும் இது பொருந்தும். குறிப்பாக மாதவிலக்கு நின்ற பின் பெண்களுக்கு ஸ்லீப் ஆப்னியா வரும் வாய்ப்பு கூடுகிறது. படுக்கையை நனைக்கும் பிள்ளை குறட்டையும் விட்டால், திட்டுவதை விட்டுவிட்டு டான்சில், அடினாய்டு சதை வளர்ந்திருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள்.

கம்ப்யூட்டர் நாற்காலிக்கும் பங்கு உண்டு

மாலை முழுவதும் கால்களைத் தொங்கப் போட்டுக் கம்ப்யூட்டர் முன் அமர்ந்தால் நீர் கால்களில் இறங்கித் தேங்குகிறது. படுத்தவுடன் இந்த நீர் மேலே திரும்பி வருகிறது. ஒரு பகுதி சிறுநீராகிறது. இன்னொரு பகுதி கழுத்துப் பகுதியில் சேர்ந்து மூச்சுப் பாதையை இன்னும் குறுக்குகிறது. ஒரே நீர் இரண்டு தொல்லைகளையும் வளர்க்கிறது. கணுக்காலில் சாக்ஸ் தடம் ஆழமாகப் பதிபவர்கள் மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும். மாலையில் சிறிது நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுப்பதும் நல்லது.

சரி, இனிக் கம்ப்யூட்டருக்கு வருவோம். நமக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, சிறுநீர்க் கணக்கு. மற்றொன்று, குறட்டைப் பதிவு.

முதல் வேலை: எக்ஸெல்லில் சிறுநீர்க் கணக்கு

இரவில் எத்தனை முறை எழுந்தோம் என்பது மட்டும் போதாது. எவ்வளவு போகிறது என்பதும் தெரிய வேண்டும். மில்லி அளவு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றை வாங்கிக் குளியலறையில் வையுங்கள். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும்.

1. காலையில் எழுந்து முதலில் போவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நேரத்தையும் அளவையும் தாளில் குறித்துக் கொள்ளவும். மறுநாள் காலை எழுந்து முதலில் போவதுடன் கணக்கு முடிகிறது. இப்படி மூன்று நாட்கள் குறிக்கவும்.

2. எக்ஸெல்லைத் திறக்கவும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். முதல் வரிசையில் நேரம், பகல், இரவு, குறிப்பு என நான்கு தலைப்புகளை அடுத்தடுத்த செல்களில் டைப் செய்திடவும். ஒரு நாளுக்கு ஒரு ஷீட் வைத்துக் கொள்வது எளிது.

3. படுக்கப் போகும் முன் கடைசியாகப் போனது பகல் கணக்கு. படுத்த பின் எழுந்து போனவையும், மறுநாள் காலை எழுந்தவுடன் போனதும் இரவுக் கணக்கு. இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்வார்கள். காலையில் போவது இரவெல்லாம் சுரந்தது என்பதை நினைவில் வைக்கவும். அளவுகளை மில்லியில், எண்ணாக மட்டும் டைப் செய்திடவும். எண்ணுடன் "மி.லி." என்று சேர்த்தால் எக்ஸெல் அதைக் கூட்டாது.

4. பகல் நெடுவரிசையின் கீழே உள்ள காலி செல்லில் கிளிக் செய்து, மேலே உள்ள ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டவும். கூட்டுத்தொகை கிடைக்கும். இரவு நெடுவரிசைக்கும் இதையே செய்திடவும். பின்னர் வேறொரு காலி செல்லில் சமக்குறி போட்டு, பகல் கூட்டுத்தொகையில் கிளிக் செய்து, கூட்டல் குறி போட்டு, இரவு கூட்டுத்தொகையில் கிளிக் செய்து என்டர் தட்டவும். இது 24 மணி நேர மொத்தம்.

5. அடுத்த செல்லில் சமக்குறி போட்டு, இரவு கூட்டுத்தொகையில் கிளிக் செய்து, வகுத்தலுக்கான சாய்வுக் கோடு போட்டு, மொத்தம் உள்ள செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டவும். மீண்டும் அந்த செல்லைத் தேர்ந்தெடுத்து மேலே உள்ள சதவீதக் குறியில் கிளிக் செய்திடவும். ஒரு நாள் சிறுநீரில் எத்தனை சதவீதம் இரவில் சுரந்தது என்பது தெரிந்துவிடும்.

6. குறிப்பு நெடுவரிசையில் டீ, காபி, மது, மாலையில் சாப்பிட்ட மாத்திரை, கால் வீக்கம் ஆகியவற்றை எழுதவும். பைலை சேவ் செய்திட மறக்க வேண்டாம்.

கணக்கு என்ன சொல்கிறது?

உதாரணமாக, இருவரை எடுத்துக் கொள்வோம். இருவருக்கும் வயது 65க்கு மேல். இருவருமே இரவில் மூன்று முறை எழுகிறார்கள்.

முதலாமவருக்கு இரவில் 250, 250, 200, காலையில் 300. இரவுக் கணக்கு 1000 மில்லி. பகல் கணக்கும் 1000 மில்லி. இரவுப் பங்கு 50 சதவீதம்.

இரண்டாமவருக்கு இரவில் 100, 80, 100, காலையில் 120. இரவுக் கணக்கு 400 மில்லி. பகலில் 1400 மில்லி. இரவுப் பங்கு 22 சதவீதம்.

முதலாமவரின் பை நன்றாகவே தாங்குகிறது. ஆனால் சிறுநீரகம் இரவில் அதிகமாக அனுப்புகிறது. இரண்டாமவருக்கு இரவுச் சுரப்பு அதிகமில்லை. கொஞ்சம் சேர்ந்தவுடன் எழ வேண்டியிருக்கிறது. அவர் பை அல்லது பிராஸ்டேட் பற்றிக் கேட்க வேண்டும். குறட்டையும் இருந்தால், மூச்சடைப்பு அவரை எழுப்புகிறதா என்றும் கேட்க வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 33 சதவீதத்திற்கு மேல் என்றால் இரவுச் சுரப்பு அதிகம் என்பது 2002ல் சர்வதேச மருத்துவ அமைப்பு வகுத்த அளவு. இளவயதினருக்கு இந்த அளவு 20 சதவீதம்.

இரவுப் பங்கு அதிகமானால் உடனே ஸ்லீப் ஆப்னியா என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இதய பலவீனம், கால் வீக்கம், மாலையில் சாப்பிடும் நீர் மாத்திரை, படுக்கும் முன் சொம்பு நிறையத் தண்ணீர் என வேறு காரணங்களும் உண்டு. பகல், இரவு இரண்டுமே அதிகமாகி, 70 கிலோ எடை உள்ளவருக்கு 24 மணி நேர மொத்தம் 2800 மில்லியைத் தாண்டினால் சர்க்கரையைத் தவறாமல் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது வேலை: குறட்டையை ரெகார்ட் செய்திட

இதற்கு ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர் பொருத்தமானது. அதன் சொந்தத் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்திடவும். மைக் இல்லாத டெஸ்க்டாப் என்றால் சாதாரண ஹெட்போன் மைக் ஒன்றைச் செருகினால் போதும்.

முதலில், உங்கள் கம்ப்யூட்டர் தூங்கக் கூடாது. விண்டோஸ் செட்டிங்ஸ் சென்று சிஸ்டம் பிரிவில் பவர் என்பதில் கிளிக் செய்திடவும். ஸ்லீப் நேரத்தை நெவர் என மாற்றவும். திரை மட்டும் அணையும்படி வைக்கலாம். லேப்டாப் என்றால் சார்ஜரில் இணைத்து, மூடாமல் வைக்கவும்.

அடுத்து, ஆடாசிட்டியில் எடிட் மெனு சென்று பிரிபரன்சஸ் தேர்ந்தெடுக்கவும். ரெகார்டிங் சேனலை மோனோ என்றும், சாம்பிள் ரேட்டை 16000 என்றும், சாம்பிள் பார்மட்டை 16 பிட் என்றும் மாற்றி ஓகே கிளிக் செய்து வெளியேறவும். இது எதற்கு? பாட்டுக்கு வேண்டிய தரத்தில், அதாவது ஸ்டீரியோ, 44100, 32 பிட் என்று வைத்து எட்டு மணி நேரம் பதிந்தால் சுமார் 10 ஜிபி இடம் பிடிக்கும். நாம் சொன்ன அளவில் ஏறத்தாழ 920 எம்பி போதும். குறட்டைக்கு இந்தத் தரமே அதிகம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சத்தம் வரும்போது மட்டும் பதிவு செய்யும் வசதி ஆடாசிட்டியில் உண்டு. சவுண்ட் ஆக்டிவேட்டட் ரெகார்டிங் என்று பெயர். இடம் மிச்சமாகுமே என்று இதை டிக் செய்துவிடாதீர்கள். நமக்கு வேண்டியது குறட்டைச் சத்தம் மட்டுமல்ல. குறட்டைக்கு நடுவே வரும் அமைதிதான் முக்கியம். அந்த வசதி அமைதியை வெட்டி எறிந்துவிடும். சில லேப்டாப்களில் மைக்கின் இரைச்சலைக் குறைக்கும் வசதி குறட்டையையே இரைச்சல் என்று எண்ணி நீக்கிவிடும். அதையும் நிறுத்தி வைக்கவும்.

மைக்கை படுக்கையிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில், மின்விசிறிக் காற்று நேராகப் படாத இடத்தில் வைக்கவும். ரெகார்ட் பட்டனை அழுத்திவிட்டுத் தூங்குங்கள். அறையில் உடன் படுப்பவரிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கிக் கொள்ளுங்கள்.

காலையில் ஸ்டாப் செய்து பைலை சேவ் செய்திடவும். திரையில் அலை வடிவம் தெரியும். ஒரே சீரான குறட்டை என்றால் சம உயரமுள்ள மேடுகள் வரிசையாக இருக்கும். மூச்சடைப்பு என்றால் மேடுகள் வரிசையாக வந்து, திடீரென்று கோடு தட்டையாகி, பிறகு ஓர் உயரமான மேடு எழும். அந்த உயரமான மேடுதான் திணறி மூச்சை இழுக்கும் சத்தம். தட்டையான பகுதியை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால் அது எத்தனை விநாடி என்று கீழே காட்டும். 10 விநாடி, 20 விநாடி எனத் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. இரண்டு நிமிடப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, பைல் மெனுவில் உள்ள எக்ஸ்போர்ட் மூலம் எம்பி3 ஆக மாற்றி செல்போனில் ஏற்றிக் கொள்ளுங்கள். படுக்கையறைப் பதிவை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்ப வேண்டாம்.

ஒலிப்பதிவு ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனைச் சொல்லாது. பதிவில் ஒன்றும் இல்லை என்பதால் நோய் இல்லை என்றும் சொல்ல முடியாது. கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை விழித்திருக்கும்போது மாட்டிப் பார்ப்பதாலும் இரவுக் கணக்கு தெரியாது. உறுதி செய்ய ஸ்லீப் ஸ்டடி என்ற பரிசோதனை வேண்டும். இரவு முழுவதும் மூச்சு, ஆக்சிஜன், இதயத் துடிப்பு, மூளை அலைகள் ஆகியவற்றை அதில் பதிவு செய்வார்கள். வீட்டிலேயே மாட்டிக் கொண்டு தூங்கும் சிறிய கருவிகளும் உள்ளன.

எங்கே செல்வது?

புதுச்சேரி வாசகர்களுக்குப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. கதிர்காமத்தில் வழுதாவூர் சாலையில் 2010ல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. கோரிமேட்டில் ஜிப்மர் உள்ளது. மற்ற ஊர்க்காரர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரிக்குச் செல்லலாம். நுரையீரல் பிரிவு அல்லது காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, ஸ்லீப் ஸ்டடி தேவையா என்று கேளுங்கள். "ராத்திரி மூணு தடவை எழுந்திருக்கிறேன்" என்று மட்டும் சொன்னால் டாக்டரின் கவனம் சிறுநீர்ப் பையின் பக்கமே போகக்கூடும். மூன்று நாள் கணக்கின் பிரிண்ட் அவுட்டையும் இரண்டு நிமிட ஒலிப்பதிவையும் சேர்த்துக் கொடுத்தால், கூட்டம் நிறைந்த ஓ.பி.யிலும் விஷயம் உடனே புரியும்.

சிகிச்சை உண்டா?

உண்டு. சிபேப் என்ற சிறு மெஷின் மூக்கு மாஸ்க் வழியாக லேசான காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டை அடைபடாமல் பார்த்துக் கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்து இதை உருவாக்கி 1981ல் முடிவுகளை வெளியிட்டார். இதய ஹார்மோன் பற்றிய செய்தி வந்ததும் அதே ஆண்டுதான். சிபேப் பயன்படுத்தியவர்கள் இரவில் சிறுநீருக்கு எழுவது குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எடையைக் குறைப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும் பலருக்கு உதவும்.

இங்கேயும் கம்ப்யூட்டர் கைகொடுக்கிறது. பல சிபேப் மெஷின்களில் உள்ள மெமரி கார்டைப் படித்து, ஒவ்வோர் இரவும் மூச்சு எத்தனை முறை நின்றது, மாஸ்கில் காற்று கசிந்ததா என்று வரைபடமாகக் காட்டும் ஆஸ்கார் என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. கார்டைக் கம்ப்யூட்டரில் செருகும் முன் அதன் ஓரத்தில் உள்ள சிறிய லாக்கை நகர்த்திவிடவும். அப்போதுதான் விண்டோஸ் அதில் எதையும் எழுதாது.

செய்யக் கூடாதவை

* இரவில் எழ வேண்டுமே என்று பகல் முழுவதும் தண்ணீரைக் குறைக்காதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு அது ஆபத்து. படுப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பிருந்து மட்டும் குறைத்தால் போதும்.

* தூக்கம் கெடுகிறது என்று தூக்க மாத்திரையைத் தானாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். மதுவும் கூடாது. இரண்டுமே தொண்டைச் சதையை மேலும் தளர்த்தி மூச்சடைப்பைக் கூட்டலாம். மது சிறுநீரையும் அதிகமாக்கும்.

* ரத்த அழுத்த மாத்திரையை, அது நீர் மாத்திரையாக இருந்தாலும், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவோ நேரத்தை மாற்றவோ வேண்டாம்.

* இரவில் விளக்குப் போடாமல் குளியலறைக்குச் செல்ல வேண்டாம். வயதானவர்கள் இடுப்பெலும்பை முறித்துக் கொள்வது இப்படித்தான்.

* பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொக்கினால், சோதனை முடியும் வரை திண்டிவனம் சாலையிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ நீண்ட தூரம் ஓட்டாதீர்கள்.

கவனிக்காமல் விட்ட ஸ்லீப் ஆப்னியா ரத்த அழுத்தத்தைக் கூட்டும். மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பும் இதில் அதிகம். எனவே இரவில் எழுவதுடன் குறட்டையும், பகலில் தூக்கமும் சேர்ந்து இருந்தால் தள்ளிப் போட வேண்டாம். இந்த வாரக் கடைசியில் ஒரு குவளை, ஒரு மைக், ஓர் எக்ஸெல் ஷீட் ஆகியவற்றுடன் தொடங்குங்கள். மூன்று நாளில் கணக்கு முடிந்துவிடும். பிரிண்ட் எடுத்து டாக்டரிடம் கொண்டு செல்லுங்கள்.